தற்காலிகம்

இரவு பதினொன்றரைக்கு வந்தது செய்தி:
நாங்கள் வைத்திருக்கும் சர்வரில் ஓட்டை.
கடவுச்சொல் கேட்காமலே யாரும் உள்ளே வரலாம்.
ஆபத்து, பத்துக்கு ஒன்பது புள்ளி எட்டு.
பள்ளியில் நான் வாங்கியிராத மதிப்பெண்.

பணகுடிக்குத் தெற்கே கட்டுப்பாட்டு அறை.
ஆடிக்காற்று கதவைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறது.
வெளியே எண்பத்து நான்கு காற்றாலைகள்
கணவாய் வழியே வருவதை அள்ளிச் சுற்றி
நொடிக்கொரு தரம் என்னிடம் கணக்கு ஒப்பிக்கின்றன.
கணக்கு வாங்கும் ஒரே பெட்டி அதுதான்.

சென்னைக்குப் போன் போட்டேன்.
"சீசன்ல ரீஸ்டார்ட்டா? புரட்டாசி போகட்டும் கனி"
என்றார் ஸ்ரீவத்சன் சார், கொட்டாவிக்கு நடுவில்.
ஓட்டைக்குப் பஞ்சாங்கம் தெரியுமா சார்
என்று கேட்கவில்லை.
"தாங்கள் தொலைபேசியில் கூறியபடி" என ஆரம்பித்து
மணியோடு ஒரு மெயில் எழுதி வைத்தேன்.
எங்கள் தொழிலில் முதல் காப்பு அதுதான்.

பேட்ச் போடக் கூடாதென்றால்
கதவையாவது சாத்தலாம்.
ஃபயர்வால் விதிகளை ஒவ்வொன்றாக வாசித்தேன்.
நாற்பத்தேழாவது விதி:
எங்கிருந்தும், யாரும், எந்நேரமும், உள்ளே.
குறிப்பு: தற்காலிகம்.
திறந்தவர்: செல்வக்கனி.

நான்தான்.
ஊரடங்கின் இரண்டாம் வாரம்.
திசையன்விளையில் வீட்டுக்குள் அடைபட்டிருந்த
லூர்து ஜெபசிங் அலாரம் பார்ப்பதற்காக
ஒரு பதினைந்து நாளைக்கு.
ஜெபசிங் வேலையை விட்டான், மஸ்கட் போனான்,
மகளின் ஞானஸ்நானப் படம்கூட அனுப்பிவிட்டான்.
தற்காலிகம் மட்டும்
போட்டது போட்டபடி திறந்து கிடக்கிறது.

பதிவேட்டை இறக்கினேன்.
இன்றிரவு மட்டும் பதினோராயிரம் தட்டல்கள்.
அட்மின், ரூட், கெஸ்ட், டெஸ்ட், அட்மின்.
உலகத்து வாசல்களையெல்லாம் தட்டுகிற
அலுப்பில்லாத கை. அதற்கு என்னைத் தெரியாது,
பணகுடி தெரியாது. அதனால் பயமில்லை.

இரண்டு நாற்பத்தொன்றுக்கு
ஜெபசிங்
என்று ஒரு வரி.
ஒரே தரம்.
பிறகு மறுபடி அட்மின், அட்மின்.

விதியை அணைத்தேன்.
விரல் சில்லிட்டது ஏசியால் என்று சொல்லிக்கொண்டேன்.

மஸ்கட்டில் அவனுக்கும் நைட் ஷிப்ட்.
"சத்தியமா நான் இல்ல கனி,
அந்தப் பாஸ்வேர்டே மறந்து போச்சு."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"பழைய லேப்டாப்ப வள்ளியூர்ல வித்துட்டுல்லா வந்தேன்...
அழிச்சேன்னுதான் நெனைக்கேன்."

யாரோ ஒரு பையன்
என்னவென்று தெரியாமல் ஒரு ஐகானைத் தொட்டிருக்கலாம்.
விடிகாலை இரண்டு நாற்பத்தொன்றுக்கு.
இருக்கலாம்.

மூன்று ஐம்பதுக்கு மதுரைப் பக்கமிருந்து ஒரு குரல்:
"எல்லாத்தையும் நிறுத்துங்க மேடம்,
ஊரெல்லாம் மழை, கரண்டு வாங்க ஆளில்ல."
நிறுத்தினேன்.
இறகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிக்கொண்டு
காற்றுக்கு முதுகைக் காட்டின.

இந்த வேளைக்காகத்தானே காத்திருந்தேன்.
பேட்சை ஏற்றி ரீஸ்டார்ட் கொடுத்தேன்.
பதினோரு நிமிடம் கறுப்புத் திரை.
வாட்ச்மேன் சுடலைக்கண்ணு எட்டிப் பார்த்தார்:
"காத்து இந்த அடி அடிக்கி,
ஒண்ணும் சுத்தலையே மேடம்?"
"நிக்கச் சொல்லிருக்காங்கண்ணாச்சி."
"யாரு?"
அதற்குள் திரை விழித்துக்கொண்டது.

காலை எட்டேகாலுக்கு ஸ்ரீவத்சன் சார்.
ஓட்டையைப் பற்றிக் கேட்கவில்லை.
"கனி, வீட்லேர்ந்து டேஷ்போர்டு வரமாட்டேங்குது.
எப்பவும் வருமே?
எம்.டி. மீட்டிங் இருக்கு. கொஞ்சம் திறந்து விடுங்க,
இன்னிக்கு ஒரு நாள்,
டெம்பரரியா."

எப்பவும் என்ற சொல்லைத்
தாளில் எழுதி அடிக்கோடு போட்டேன்.
மெயிலில் கேளுங்கள் சார் என்றேன்.